அடைக்கலம் கொடுத்தாயிற்று... அடுத்து என்ன?



புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு. காலாப்பட்டு வந்தால் மறுபடியும் புதுச்சேரி. பல்கலைக்கழகத்தைத் தாண்டி, கனகசெட்டிக்குளமும் போய், கீழ்புத்துப்பட்டு வந்தால் மறுபடியும் தமிழ்நாடு. மூன்று முறை எல்லை தாண்டிவிட்டீர்கள்! யாராவது உங்களைத் தடுத்தார்களா? நடத்துநர் டிக்கெட்டைத் தவிர வேறு எதையும் கேட்டிருக்கமாட்டார்.

கீழ்புத்துப்பட்டு என்றதும் உங்களில் பலருக்கு அய்யனார் கோயில்தான் நினைவுக்கு வரும். அதே ஊரில் இன்னொரு குடியிருப்பும் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் வாழும் முகாம் அது. தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாடகை வீடுகளில் வசிப்பவர்கள் மேலும் 30 ஆயிரம் பேருக்கு மேல். இந்த முகாம்களில் உங்கள் வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களைப் போலவே இந்திய மண்ணில் பிறந்தவர்கள். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் வெளிநாட்டவர்.

அது எப்படி? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் நீளமான பாடம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'அகதி' என்றால் கதி இல்லாதவர், போக்கிடம் இல்லாதவர். 'ஏதிலி' என்றும் சொல்வார்கள். ஏதும் இல்லாதவர். பழைய தமிழில் 'ஏதிலார்' என்றால் அயலார் என்று பொருள். ஆக, ஊரை இழந்தவர், பொருளை இழந்தவர், போன இடத்தில் அயலாராக நிற்பவர் என்று மூன்றையும் தமிழ் இரண்டே சொற்களில் அடக்கிவிட்டது. வேலை தேடித் துபாய் போகிறவர் அகதி அல்ல. அவர் நினைத்தால் திரும்பி வரலாம். திரும்பினால் உயிருக்கோ விடுதலைக்கோ ஆபத்து என்ற பயத்தோடு எல்லை தாண்டியவரே அகதி.

நம் புதுச்சேரிக்கு இது ஒன்றும் புதிய செய்தி அல்ல. சென்னையில் 'இந்தியா' பத்திரிகையில் எழுதிவந்த பாரதியாரை ஆங்கில அரசு கைது செய்யக்கூடும் என்ற நிலை வந்தபோது, 1908-ஆம் ஆண்டு அவர் எங்கே வந்தார்? இங்கேதான். 1910-இல் அரவிந்தர் வந்தார். வ.வே.சு. ஐயரும் அதே ஆண்டு வந்து சேர்ந்தார். அப்போது இந்த ஊரை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஆங்கில அரசின் ஒற்றர்கள் இங்கே சுற்றிச் சுற்றி வந்தார்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். ஆனால் கைவைக்க முடியவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் அவர்கள் சட்டம் செல்லாதே! பத்து ஆண்டுகள் கழித்து, 1918 நவம்பரில், பாரதியார் இங்கிருந்து புறப்பட்டார். கடலூர் அருகே ஆங்கிலேயர் எல்லைக்குள் நுழைந்ததும் கைது செய்யப்பட்டார். நீங்கள் பேருந்தில் விளையாட்டாகத் தாண்டுகிற அதே மாதிரியான கோடுதான், அவரைப் பத்து ஆண்டுகள் காப்பாற்றியது.

சரி, இப்போது இலங்கைக்குப் போவோம்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் 30 கிலோமீட்டர் அளவுதான். நம் ஊரிலிருந்து திண்டிவனம் போகும் தூரம்கூட இல்லை. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராகப் பெரும் கலவரம் நடந்தது. வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. உயிர் பிழைத்தவர்கள் படகு ஏறினார்கள். அந்த ஆண்டு தொடங்கி 1987 வரை ஒரு லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சண்டை ஓய்ந்தது போலத் தெரிந்தால் பலர் திரும்பிப் போவார்கள். மறுபடி மூண்டால் மறுபடி படகு. 1989-க்குப் பிறகு ஒரு கூட்டம், 1996 வாக்கில் ஒரு கூட்டம், 2006-இல் ஒரு கூட்டம் என்று, 2009 மே மாதம் போர் முடியும் வரை மொத்தம் மூன்று லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள் என்று கணக்கு. 2022-இல் இலங்கையில் அரிசிக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நிற்கும் நிலை வந்தபோதுகூடச் சில நூறு பேர் படகில் வந்து தனுஷ்கோடியில் இறங்கினார்கள்.

இவர்களில் இன்னொரு கதையைச் சுமந்து வந்தவர்களும் உண்டு. பாடப் புத்தகத்தில் இதை விரிவாகச் சொல்வதில்லை. ஆகவே இங்கே சற்று நின்று போவோம்.

இலங்கையின் மலைப் பகுதியில் காப்பித் தோட்டமும் பிறகு தேயிலைத் தோட்டமும் போட, வெள்ளைக்காரர்கள் தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கூட்டிப் போனார்கள். இது 19-ஆம் நூற்றாண்டில் நடந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழைத்தார்கள். 1948-இல் இலங்கை சுதந்திரம் அடைந்ததும், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்துவிட்டது. இந்தியாவும் 'எங்கள் ஆட்கள்' என்று உடனே சொல்லவில்லை. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக லட்சக்கணக்கானோர் நின்றார்கள்.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி நம் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம். இலங்கைக்கு 3 லட்சம். மீதி எவ்வளவு? ஒன்றரை லட்சம். சரியாகச் சொன்னீர்கள். அந்த மீதியை 1974-இல் இந்திரா காந்தி ஆளுக்கு 75 ஆயிரம் என்று பேசி முடித்தார். மாம்பழத்தைப் பங்கு போடுவதுபோல் இருக்கிறதல்லவா? அந்த மனிதர்களிடம் யாரும் அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை. வந்தவர்களுக்காக நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போனால் இன்றும் அந்தக் குடும்பங்களைப் பார்க்கலாம். கப்பலில் ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அவர்கள் இந்தியர் ஆனார்கள். கப்பல் நின்ற பிறகு, கலவரத்துக்குப் பயந்து படகில் வந்த அதே மலையக மக்களுக்கு 'அகதி' என்று பெயர். இன்று முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் இவர்களே. அவர்களுடைய கொள்ளுத்தாத்தா திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ பிறந்திருப்பார்!

உலகத்தில் மற்ற நாடுகள் அகதிகளை எப்படி நடத்துகின்றன என்று இப்போது பார்க்கலாம். அதற்கு நான்சென் தாத்தாவை அழைத்துவர வேண்டும். பிரிட்ஜோஃப் நான்சென் நார்வே நாட்டுக்காரர். 1888-இல் கிரீன்லாந்தின் பனிவெளியைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் குறுக்காகக் கடந்த வீரர். முதல் உலகப் போர் முடிந்தபோது ரஷ்யாவிலிருந்து வெளியேறிய லட்சக்கணக்கானோர் ஐரோப்பாவெங்கும் அலைந்தார்கள். கையில் எந்தக் காகிதமும் இல்லை. காகிதம் இல்லாவிட்டால் ரயிலில் எல்லை தாண்ட முடியாது. வேலை கிடையாது. இருந்த இடத்திலும் இருக்க விடமாட்டார்கள். 1921-இல் அகதிகளுக்கான ஆணையராக நியமிக்கப்பட்ட நான்சென் ஒரு வேலை செய்தார். 1922-இல் நாடில்லாதவர்களுக்கென்றே ஒரு பாஸ்போர்ட் தயாரித்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன. 'நான்சென் பாஸ்போர்ட்' என்று அதற்குப் பெயர். ஒரே ஒரு காகிதம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒருவர் ரயில் ஏறலாம், வேலை கேட்கலாம். அந்த ஆண்டே அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூட்டம் இன்னும் பெருகியது. ஐக்கிய நாடுகள் சபை 1950 டிசம்பர் 14-ஆம் தேதி அகதிகளுக்கென ஓர் ஆணையத்தை ஏற்படுத்தியது. மூன்று ஆண்டில் வேலை முடிந்துவிடும், பிறகு மூடிவிடலாம் என்று அப்போது நினைத்தார்கள். எழுபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இன்னும் மூட முடியவில்லை! 1951 ஜூலையில் அகதிகள் உடன்படிக்கை என்ற ஒப்பந்தம் உருவானது. இனம், மதம், நாடு, சார்ந்திருக்கும் சமூகப் பிரிவு, அரசியல் கருத்து என இந்த ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்சி நாட்டை விட்டு வந்தவர் அகதி என்று அது சொல்கிறது. அதன் 33-ஆவது பிரிவு மிக முக்கியம். ஆபத்து காத்திருக்கும் இடத்துக்கு ஓர் அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது. இதற்கும் 1967-இல் வந்த துணை ஒப்பந்தத்துக்கும் சேர்த்து, ஏறக்குறைய 150 நாடுகள் கையெழுத்திட்டிருக்கின்றன.

இந்தியா? கையெழுத்திடவில்லை. இலங்கையும் இல்லை, பாகிஸ்தானும் இல்லை, வங்கதேசமும் இல்லை.

உடனே 'நம் நாடு இரக்கமில்லாததா?' என்று கேட்காதீர்கள். 1947-இல் நாடு பிரிந்தபோது 70 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தப் பக்கம் வந்தார்கள். 1951-இல் எழுதப்பட்ட உடன்படிக்கையோ ஐரோப்பாவை மனதில் வைத்து எழுதப்பட்டது. நம்முடைய எழுபது லட்சம் அதன் கணக்கில் வரவே இல்லை. 'நம் துயரம் இவர்களுக்குத் துயரமாகத் தெரியவில்லையே' என்ற வருத்தம் அன்றைய தலைவர்களுக்கு இருந்திருக்கும். எங்கள் எல்லைக்குள் யாரை வைத்துக்கொள்வது என்று வெளியார் சொல்லக்கூடாது என்ற எண்ணமும் உண்டு. 1959-இல் தலாய் லாமாவையும் திபெத்தியரையும் நேரு ஏற்றுக்கொண்டது எந்த ஒப்பந்தத்தைப் பார்த்தும் அல்ல.

1971-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) நடந்த கொடுமையால் சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். ஒரு கோடி! அப்போது எனக்கு உங்கள் வயது. அந்த நவம்பரிலிருந்து, கடிதத்தில் வழக்கமான தபால்தலையோடு 5 பைசாவுக்கு 'அகதி நிவாரண' தபால்தலை ஒன்றையும் ஒட்டவேண்டும் என்று சொன்னார்கள். தபால்தலை சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் தாத்தாவின் பழைய கடிதக் கட்டில் தேடிப் பாருங்கள். சின்னதாக, ஓர் அகதிக் குடும்பத்தின் படத்தோடு இருக்கும். வெளிநாடுகளின் உதவியை ஐ.நா. ஆணையம் திரட்டிக் கொடுத்தது. ஆனால் பெரும்பகுதிச் செலவு நம் தலையில்தான். வங்கதேசம் பிறந்ததும் சில மாதங்களில் மிகப் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள்.

ஆக, இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. மனசு இருக்கிறது, சட்டம் இல்லை. இதில் ஒரு வசதியும் ஒரு சங்கடமும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஓர் அண்ணன் தம்பியைக் கற்பனை செய்வோம்.

இருவரும் 1990-இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பினார்கள். அண்ணன் எப்படியோ பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தான். பாரிஸில் லா ஷப்பேல் என்ற பகுதி உண்டே, தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். உங்களில் சிலருடைய மாமா, சித்தப்பா அங்கே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். பிரான்ஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு. அண்ணனைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டார்கள். உனக்கு என்ன ஆபத்து, சாட்சி எங்கே, தேதி என்ன? அவனைப் போல விண்ணப்பித்த பலரை 'நம்பமுடியாது' என்று நிராகரித்தார்கள். அண்ணன் தப்பித்தான். பத்தாண்டு வசிப்பிட அட்டை கிடைத்தது. பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பித்து, பிரெஞ்சுக் குடிமகன் ஆனான். அங்கேயே பிறந்து வளர்ந்த அவன் பிள்ளைகளும் பிரெஞ்சுக் குடிமக்கள்.

தம்பி தனுஷ்கோடியில் இறங்கினான். 'சாட்சி எங்கே?' என்று யாரும் கேட்கவில்லை. பெயர் எழுதிக்கொண்டு மண்டபம் முகாமுக்கு அழைத்துப் போனார்கள். சோறு கொடுத்தார்கள். பிறகு ஒரு முகாமில் சின்ன அறை ஒதுக்கினார்கள். மாதாமாதம் உதவித்தொகை, அரிசி, அரசு மருத்துவமனை, பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி. இதற்காகத் தமிழக அரசு செலவழிக்கும் தொகையை மத்திய அரசு திருப்பிக் கொடுக்கும். ஆனால் தம்பி இன்றும் முகாமில்தான் இருக்கிறான். குறிப்பிட்ட நாள்களில் வருகைப் பதிவுக்கு நேரில் வந்தாக வேண்டும். வெளியூர் போய்த் தங்க அனுமதி கேட்கவேண்டும். தன் பெயரில் நிலம் வாங்க முடியாது. ஓட்டு இல்லை. மகள் பொறியியல் படித்தாலும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. முகாம் இளைஞர்கள் பலர் படித்துவிட்டும் பெயிண்ட் அடிக்கப் போவது இதனால்தான்.

யார் நன்றாக நடத்தினார்கள், பிரான்சா இந்தியாவா? முதல் நாளை மட்டும் பார்த்தால் இந்தியாவுக்கு முழு மதிப்பெண் போடுவேன். முப்பத்தைந்தாவது ஆண்டைப் பார்த்தால் என் சிவப்பு மையை எடுக்கவேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லாத அன்பில் இன்னொரு சிக்கல். அது காற்றடிக்கும் திசையில் மாறும். 1991 மே 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கொன்றவர்கள் விடுதலைப் புலிகள் இயக்கத்தினர். அதன்பிறகு முகாமில் இருந்த சாதாரண மக்கள் மீதும் சந்தேகப் பார்வை விழுந்தது. கட்டுப்பாடுகள் இறுகின. பிள்ளைகளின் படிப்புக்கும் தடைகள் வந்தன. சில ஆண்டுகள் கழித்தே தளர்ந்தன. அரசின் கவலையையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். நாட்டின் பாதுகாப்பு சின்ன விஷயம் அல்ல. ஆனால் ஒரு வகுப்பில் ஒருவன் கல்லெறிந்தால் வகுப்பையே வெயிலில் நிறுத்தும் ஆசிரியரை உங்களுக்குப் பிடிக்குமா?

1992-இல் அகதிகளை இலங்கைக்குத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியபோது, இவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்ற கேள்வி எழுந்தது. அப்போது ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறக்க இந்தியா அனுமதித்தது. 'நீங்களாகத்தான் போகிறீர்களா?' என்று திரும்புபவர்களைக் கேட்டு உறுதி செய்வது அதன் வேலை. உடன்படிக்கையில் கையெழுத்திடாத இந்தியா, 1995-லிருந்து அந்த ஆணையத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராகவும் இருக்கிறது. விசித்திரமாக இருக்கிறதல்லவா? நாடுகளும் மனிதர்களைப் போலத்தான்.

சட்டமே இல்லை என்றேன். ஆனால் ஒரு புத்தகம் இருக்கிறது: நம் அரசியலமைப்புச் சட்டம். அதில் 19-ஆவது பிரிவு, பேச்சுரிமை போன்றவற்றைக் 'குடிமக்களுக்கு' என்று சொல்லிக் கொடுக்கிறது. 21-ஆவது பிரிவு உயிருக்கும் விடுதலைக்கும் பாதுகாப்புத் தருகிறது. அங்கே 'குடிமகன்' என்று இல்லை, 'எந்த நபரும்' என்று இருக்கிறது. ஒரே ஒரு சொல் வித்தியாசம்! 1996-இல் அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா அகதிகளை அங்கிருந்து விரட்ட முயன்றபோது, உச்ச நீதிமன்றம் இந்தச் சொல்லைச் சுட்டிக்காட்டி, அவர்கள் உயிரைக் காப்பது அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது. இலக்கண வகுப்பில் கொட்டாவி விடுகிறவர்கள் கவனிக்கவும்.

இப்போது உங்கள் வயதுப் பிள்ளைகளிடம் வருவோம். இந்தியாவில் பிறந்தால் இந்தியர்தானே என்று நினைப்பீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, தேதி பார்க்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர். 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் கடினம். இருவரும் இந்தியராக இருக்கவேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும், மற்றவர் 'சட்டவிரோதமாக வந்தவர்' அல்லாதவராகவும் இருக்கவேண்டும். படகில் வந்தவரிடம் பாஸ்போர்ட் ஏது? சட்டம் அவரைச் 'சட்டவிரோதமாக வந்தவர்' என்றே எழுதிக்கொள்கிறது. வீடு எரியும்போது பாஸ்போர்ட் அலுவலகத்தில் வரிசையில் நிற்க முடியுமா என்று அது கேட்பதில்லை.

இந்தத் தேதிக் கணக்கில் ஒருவர் ஜெயித்த கதையும் உண்டு. திருச்சி முகாமில் வசித்த ஒரு பெண், 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். பாஸ்போர்ட் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 'நான் 1987-க்கு முன்பே இங்கே பிறந்தவள்' என்று மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2022-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் 38-ஆவது வயதில் முதன்முதலாக ஓட்டுப் போட்டார். அவருக்கு இரண்டு வயது குறைவாக இருந்திருந்தால் முடிந்திருக்காது.

என் வகுப்பில் முகாம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். வீட்டுப்பாடம் எங்கே என்றால், "நாளைக்கு எழுதிக்கொண்டு வாறன், சேர்" என்பார்கள். சில மாதங்களில் நம் பிள்ளைகளோடு சேர்ந்து நம் ஊர்ப் பேச்சே பேசுவார்கள். மாலையில் வீட்டுக்குப் போனதும் பழைய பேச்சு திரும்பிவிடும். எந்தப் பேச்சை எங்கே பேசவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் 'நாடு' என்ற கட்டம் வந்தால் பேனா நின்றுவிடும். என்னைப் பார்ப்பார்கள்.

அந்தக் கட்டத்தை நிரப்ப நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு காலத்தில் எவ்வளவு சலுகை கிடைத்தது தெரியுமா? 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் முடிந்தது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஏற்பாடு. இங்கே பிறந்து இங்கே வசித்தவர்கள் இந்தியர் ஆவார்கள். 'இல்லை, நான் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன்' என்று நினைப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதிக் கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உங்கள் தெருவில் 'சொல்தா வீடு' என்று ஒன்று இருக்குமே, அந்தப் பென்ஷன் தாத்தாக்கள் அப்படித்தான் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்தார்கள். அவர்களை யாரும் சட்டவிரோதம் என்று சொல்லவில்லை. இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசி, மனிதர்களிடம் 'உனக்கு எது வேண்டும்?' என்று கேட்டன. நல்ல சர்வதேச ஒத்துழைப்புக்கு உதாரணம் கேட்டால் நான் ஜெனீவாவைத் தேடிப் போகமாட்டேன், இதைத்தான் சொல்வேன். 1964 ஒப்பந்தத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அண்மையில் என்ன நடந்தது? 2019-இல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவ மக்கள் குடியுரிமை கேட்கலாம் என்றது. முஸ்லிம்கள் அதில் இல்லை. இலங்கையும் அதில் இல்லை. 'எங்களை ஏன் விட்டீர்கள்?' என்று முகாம்களில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. இடிந்த வீடுகளுக்குப் பதிலாக 7,469 புது வீடுகள் கட்ட அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகை ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆனது. நல்ல வேலைகள். ஆனால் வீடு கட்டித் தர மாநில அரசால் முடியும். குடியுரிமை தர முடியாது. அது மத்திய அரசின் கையில்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு வந்தது. குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்து முடித்தவர். என்னைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று கேட்டார். இந்தியா என்ன, உலகத்தாருக்கெல்லாம் சத்திரமா என்ற பொருளில் நீதிபதி கேட்டார். அது அந்த ஒருவர் வழக்கில் வாய்மொழியாகச் சொன்னது என்றாலும், முகாம்களில் பலருக்கு அன்று தூக்கம் வந்திருக்காது. அதே மாதத்தில் இன்னொன்று. ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டில் விரும்பி ஊர் திரும்பிய முதியவர் ஒருவர், யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும், முன்பு முறையில்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்று கைது செய்யப்பட்டார். பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் திரும்ப நினைத்திருந்த மற்றவர்கள் பெட்டியைக் கட்டுவார்களா? போதாக்குறைக்கு, அதே ஆண்டில் அமெரிக்கா முதலிய நாடுகள் நிதியைக் குறைத்ததால், ஐ.நா. ஆணையம் ஆயிரக்கணக்கான பணியிடங்களை நீக்கவேண்டியதாயிற்று. உலகத்தில் வீடிழந்து ஓடியவர்கள் 12 கோடிக்கு மேல் இருக்கும் நேரத்தில்!

2025 செப்டம்பரில் ஒரு நல்ல செய்தியும் வந்தது. புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்று உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. இனி அவர்களைச் சிறைக்கு அனுப்பமாட்டார்கள். ஆனால் இது குடியுரிமை அல்ல. ஓட்டுரிமையும் இல்லை, அரசு வேலையும் இல்லை. கம்பிக் கதவின் பூட்டைத் திறந்துவிட்டு, கதவை அப்படியே சாத்தி வைத்ததுபோல.

அடுத்த படி, 'சட்டவிரோதமாக வந்தவர்' என்ற சொல்லை அவர்கள் பெயருக்கு முன்னாலிருந்து எடுப்பது. எடுத்துவிட்டால், மற்ற வெளிநாட்டவரைப் போல, இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தோம் என்று காட்டிக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவாவது வழி பிறக்கும். அமைச்சகத்தின் உத்தரவே போதும் என்கிறார்கள் சிலர். நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தவேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் நடக்கவேண்டிய இடம் டில்லி. ஊர் திரும்ப விரும்புகிறவர்களைக் கைது செய்யமாட்டோம் என்று உறுதி சொல்லவேண்டிய இடம் கொழும்பு. இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, 2007-இல் முகாமில் பிறந்தவர்கள் 18 வயதைத் தாண்டிவிட்டார்கள். தேர்தல் நாளன்று அவர்களோடு படித்த உள்ளூர்ப் பிள்ளைகள் விரலில் மையோடு வருவார்கள். இவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போவார்கள்.